மிளகாய் அரைக்கும் நேரம்

பெடலைத் திறந்தேன்.
நாலு டிரான்சிஸ்டர், துரு ஏறிய ஒரு திருகாணி,
ஜீனர் இருந்த இடத்தில் சால்டர் தழும்பு,
மூடியின் உட்புறம் ஒட்டிய நீள முடி ஒன்று.
தயாவதியுடையதாக இருக்கும்.
முடியை விட்டுவிட்டு
மற்றதையெல்லாம் எண்ணாக எழுதிக்கொண்டேன்.

சத்துவாச்சாரி ஃபேஸ் மூன்று என் விலாசம்.
சிரிக்காதீர்கள், நானே சிரித்து முடித்தாயிற்று.

விஷயம் இவ்வளவுதான்:
வேலூரில் ஒரே ஆள் இரண்டு பஸ் ஏறுகிறான்.
மேல்விஷாரம் வழியாக ஒருவன்,
திருவலம் வழியாக ஒருவன்.
யாரும் இளைக்கவில்லை, பருக்கவில்லை;
நேரம்தான் முன்பின்.
ராணிப்பேட்டையில் எதிரெதிரே வந்து நின்றால்
இருவருமே இல்லை.
ஸ்டாண்டில் ஆள் உயரத்துக்கு ஒரு வெற்றிடம்.
அந்த வெற்றிடத்தை மெல்ல முன்னும் பின்னும்
நகர்த்திக்கொண்டே இருந்தால்
கிட்டார், வாய்க்குள் தண்ணீர் வைத்துக்கொண்டு பேசும்.

நாலு கட்டம், இரண்டு பள்ளம்.
நொடியை நாற்பத்தெட்டாயிரமாக நறுக்கி
ஒவ்வொரு நறுக்கிலும் பள்ளம் எங்கே என்று கேட்டேன்.
வெளியே வந்த ஒலி அப்போதே உள்ளே திரும்ப வேண்டும்;
கணக்கிலோ ஒரு நறுக்கு தாமதம்.
அந்த ஒரு நறுக்கை அழிக்க மூன்று ராத்திரி,
டேபிள் ஃபேனுக்கு முன்னால் ஈர பனியனோடு.
நாலாம் நாள்
பெடலின் கோடும் என் கோடும்
திரையில் ஒன்றன்மேல் ஒன்று படுத்தன.
எது எதுவென்று எனக்கே தெரியவில்லை.

தயாவதி ரத்த வங்கி டூட்டி முடிந்து வந்தாள்.
விரலிடுக்கில் இன்னும் கையுறைப் பவுடர்.
இயர்போனில் ஒரு நிமிடம் கேட்டாள்.
"நல்லா கீது" என்றாள்.
பிறகு, "ஆனா அது இது இல்ல."
எது இல்லை?
"தெர்ல. எங்குளுது இன்னும் கொஞ்சம் தள்ளாடும்."

கோட்டின் மீது கோபம் வந்தது.

விருதம்பட்டில் அவர்கள் வாசிக்கும் அறை
பச்சையப்பன் மாவு மில்லுக்கு மேலே.
மாலை ஏழு. மல்டிமீட்டரோடு போனேன்.
அடாப்டர் ஒன்பது காட்டியது. ஒழுங்கான ஒன்பது.
கீழே மோட்டாரைப் போட்டார்.
யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ நாற்பது கிலோ மிளகாய்.
டியூப்லைட் கண் சிமிட்டியது;
ஒன்பது எட்டாகி, ஏழரைக்கு வந்து நின்றது.
பள்ளம் இரண்டும் கீழே சரிந்து
ஏறிவர மூச்சு வாங்கின.
பேஸ் வாசிக்கும் ஆரோக்கியதாஸ் தும்மினான்.
தாளம் தப்பாமல் தயாவதி இருமினாள்.
அதுதான் அது.

பச்சையப்பன் படியேறி வந்து மீட்டரைப் பார்த்தார்.
"இன்னா தம்பி, ஈபி ஆபீஸா?"
இல்லைங்க, பாட்டுக்கு.
"பாட்டுக்கு இன்னாத்துக்கு கரண்ட அளக்குற?"

அன்றிரவே இன்னொரு குமிழ் சேர்த்தேன்.
வேகம், ஆழம், அதற்குப் பக்கத்தில்
மிளகாய்.
பூஜ்யத்தில் வைத்தால் என் மாடி அறை,
முழுக்கத் திருப்பினால் நாற்பது கிலோ.

சனிக்கிழமை லேப்டாப்பைக் கொண்டுபோய் வைத்த
பத்தாவது நிமிடம் மோட்டார் உறுமி நின்றது.
கீழிருந்து குரல்: "ஒரு ஃபேஸ் பூட்ச்சி!"
அப்புறம் எல்லாமே போனது.
ஆம்ப் செத்தது. பெடலின் சிவப்புக் கண் மூடியது.
பேட்டரியில் லேப்டாப் மட்டும்.
இயர்போனை ஆளுக்கொரு காதாகப் பிரித்துக்கொண்டோம்.
தயாவதி ஒரே ஒரு கார்டை அடித்துவிட்டு
குமிழைக் கடைசிவரை திருப்பினாள்.

கரண்ட் இல்லாத அறையில்
குறைந்த கரண்ட்
தள்ளாடித் தள்ளாடிக் கீழே இறங்கிற்று.
ஓடாத மில்லின் நெடிக்கு
அவள் இருமினாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.
இருட்டில் ஒன்றும் தெரியவில்லை.
"இரு" என்றாள்,
"மூணாவது ஸ்ட்ரிங் எறங்கிக்கிது."