தரம் பிரிப்பு

தொள்ளாயிரம் கிராமுக்குக் கீழே என்றால் கழி.
ஒன்றரைக் கிலோவுக்கு மேலே என்றாலும் கழி.
துபாயில் ஒரு தட்டின் அளவு அதுதான் என்கிறார்
ஏஜென்சிக்காரர்.
அந்தத் தட்டை நான் கண்டதில்லை,
என் கைகளுக்கு அதன் அளவு தெரியும்.

ஒட்டுசுட்டான் தாண்டித் தகரக் கொட்டில்.
ஆறு பெண்கள், ஒரு தராசு.
பப்பாசிக்கு நுரைவலைச் சட்டை போடுகிறோம்,
பிறந்த பிள்ளைக்குப் போல, தலைப்பக்கம் முதலில்.
காம்பில் பால் கசிந்தால் துடைக்க வேண்டும்.
கறை பிடித்தால் அதுவும் கழிவு.

மாசியில் விலை ஏறியது.
எங்கேயோ ஒரு நாட்டில் புயலாம்,
அங்கத்தைய தோட்டமெல்லாம் படுத்துவிட்டதாம்.
கொட்டிலில் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மறுகிழமை பெக்கோ வந்தது.
ஓட்டினவன் சுகிர்தன், என் அண்ணன் மகன்.
நாலு நாளில் பதினெட்டு ஏக்கர்.
முதிரை பகலில் போனது, பெர்மிட்டோடு.
பாலை இரவில்.
வீரையை ஒருவரும் விலை கேட்கவில்லை,
எரித்தார்கள்.
இரண்டு கிழமை புகை.
பெட்டிகளில் புகை மணக்கிறதென்று
கடல் தாண்டி ஒரு முறைப்பாடு வந்தது.

வன இலாகா ஐயா வந்து எல்லைக் கற்களை எண்ணினார்.
இரண்டு குறையுது என்றார்.
"ஆருக்கு வித்தனீங்கள் காட்டை?"
ஒருத்தருக்கும் விக்கேல்லை ஐயா.
கேட்ட ஆக்களுக்குப் பழம் வித்தம்.
அவர் எழுதிக்கொண்டார்,
எதை என்று தெரியாது.
போகும்போது இரண்டு பழம் கொடுத்துவிட்டோம்,
கழிவில் நல்லதாய்ப் பார்த்து.

கழிவுக் குவியல் கொட்டிலுக்குப் பின்னால்.
இரவில் ஆனை வருகிறது.
அது நின்று தின்னும் இடத்தில்தான்
நின்றது அந்தப் பெரிய பாலை.
ஆனி பிறந்தால் அதன் கீழே ஆனை நிற்கும் என்று
விறகுக்குப் போனவர்கள் ஒதுங்கி நடந்த இடம்.
பாலைப்பழத்தை எந்த ஏஜென்சியும் கேட்டதில்லை.
அது பெட்டிக்கு அடங்காது,
தின்றவன் உதட்டை உதட்டோடு ஒட்டிவிடும்.

போன கிழமை தண்ணிக் குழாய் பார்க்க
மிச்சக் காட்டுக்குள் கொஞ்சத் தூரம் போனேன்.
காய்ந்த லத்தி.
அதற்குள் முளைத்து, ஒரு முழம் உயரத்தில்
பப்பாசிக் கன்றுகள், ஏழோ எட்டோ,
வரிசையில்லாமல்.
சுகிர்தன் பார்த்துவிட்டுச் சிரித்தான்:
"மாமி, ஆனையும் எங்கட ஆள்தான்."

பிடுங்கவா விடவா என்று தெரியாமல் நின்றேன்.
லொறி ஹோர்ன் கேட்டது.
எட்டரை.