முதுகுப் பக்கம் திறக்கிற பை

கரடிப்போக்குச் சந்தி தாண்டி மூன்றாவது கடை.
துவாயில் சுற்றிய கமரா,
தலையணை உறைக்குள் லப்டொப்,
இரண்டையும் சுமந்து வந்த உரப்பை
எல்லாவற்றையும் கண்ணாடி மேசையில் வைத்து
'இதெல்லாம் உள்ளே போகவேணும் அண்ணை,
கேட்ட உடனே வெளியே வரவும் வேணும்' என்றேன்.

கஜமுகன் சிரிக்கவில்லை. நல்ல வியாபாரி.
யூரியா, ஐம்பது கிலோ என்ற எழுத்தை மட்டும்
எனக்காகச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

முதல் பை கறுப்பு.
கொக்கியில் வீங்கித் தொங்கியது.
சிப்பை இழுத்தால் வயிறு முழுக்கக்
கசக்கிய சீனப் பத்திரிகை.
எடுக்க எடுக்க வந்தது.
எடுத்து முடிய, கடன் கொடுத்தவனைக்
கண்டவன் போலச் சுருங்கிப் போனது பை.

அடுத்தது முப்பது லீற்றர் என்றார்.
லீற்றரில் எனக்கு மண்ணெண்ணெய் தெரியும்,
பால் தெரியும்.
என் நீள லென்ஸ் எத்தனை லீற்றர்?
வைத்துப் பார்த்தோம்.
சந்தைக்குப் போகிற சேவல் போலக்
கழுத்தை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

கடைப் பொடியன் பச்சையில் ஒன்று எடுத்து வந்தான்,
இலையும் சேறும் கலந்த பச்சை.
கஜமுகன் பார்த்த பார்வையில்
திரும்பக் கொண்டுபோய்க் கொளுவினான்.
அதைப்பற்றி ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.

'எப்பிடியான பை தேடுறியள், தங்கச்சி?'

ஒட்டுசுட்டானில் சாமத்திய வீடு என்றால்
விடிய நாலரைக்கே முதுகில் ஒட்டிக்கொண்டு வரவேண்டும்.
கிறவல் றோட்டில் நான் துள்ளும்போது
அது தன் பாட்டில் தனியாகத் துள்ளக் கூடாது.
குளம் வான் பாயும் நாளில்
தண்ணீர் என் எலும்பு வரைக்கும் வரட்டும்,
லப்டொப் வரைக்கும் வரக் கூடாது.
கெட்டிமேளத்துக்கு நடுவில்
குனிந்து தேடாமல் கை போன இடத்தில் லென்ஸ் வேண்டும்.
'தாலியை இன்னொருக்கால் கட்டுங்கோ' என்று
மல்லாவியில் ஒருமுறை கேட்டிருக்கிறேன்.
மாப்பிள்ளை கட்டினார்.
பொம்பிளை இன்றைக்கும் என்னோடு கதைப்பதில்லை.

இவ்வளவையும் அவரிடம் சொல்லவில்லை.
'பாரம் தெரியக் கூடாது' என்றேன்.

அப்போதுதான் மேல் தட்டிலிருந்து இறங்கியது,
சாம்பல் நிறம், தூசி படிந்து,
முன்னால் ஒரு சிப்பும் இல்லை.
முதுகோடு ஒட்டும் பக்கம்தான் அதற்கு வாசல்.
'பஸ்ஸில நித்திரை கொண்டாலும் கள்ளன் திறக்கேலாது.'
எல்லாவற்றையும் அடுக்கிக் கொளுவிக்கொண்டு
கண்டி வீதி ஓரத்தில் நடந்தேன்.
குந்தி எழும்பினேன். துள்ளினேன்.
தண்ணீர் பவுசர்க்காரன் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனான்.
பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசில்
ஒன்பதரைக் கிலோ.
தோள் ஏழு என்றது. தோளையே நம்பினேன்.

இனி ஒன்றுதான் மிச்சம்.
உரப்பையின் அடியிலிருந்து
ரப்பர் வளையம் போட்ட பிளாஸ்ரிக் உறையை எடுத்தேன்:
பிறப்புச் சான்றிதழ் மூன்று,
காணிப் பத்திரம், தம்பியின் பள்ளிக்கூட விடுகைப் பத்திரம்.
எங்கள் வீட்டில் வெளிக்கிடுகிற எந்தப் பைக்கும்
முதல் பாரம் இது. அம்மாவின் சட்டம்.
லப்டொப்பே இரண்டாவதுதான்.

ஏன் என்று கஜமுகன் கேட்கவில்லை.
லப்டொப் அறைக்குப் பின்னால் இரண்டு விரலை விட்டு
கண்ணுக்குத் தெரியாத இன்னொரு அறையைத் திறந்தார்.
'கம்பனிக்காரன் எதுக்கு வைச்சானோ தெரியாது.
இங்க வாற சனம் கடைசியா இதைத்தான் தடவிப் பாக்கிறது.'

பதினெட்டாயிரத்து ஐந்நூறு. பதினேழுக்கு இறங்கினார்.
மழையுறை வேறு, அதற்கு ஆயிரத்து இருநூறு.
விரித்துப் பார்த்தேன், சவர்க்காரப் பெட்டிக்குத்தான் போதும்.
வேண்டாம் என்றேன்.

முறிகண்டி தாண்ட மழை பிடித்துக்கொண்டது.
மோட்டார் சைக்கிளை மரத்தடியில் நிறுத்தி
புதுப் பைக்கு மேலால் உரப்பையைக் கவிழ்த்தேன்.
எழுத்து எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை.
மாங்குளம் வரைக்கும்
பின்னால் வந்த வாகனமெல்லாம் வாசித்திருக்கும்:
யூரியா, ஐம்பது கிலோ.