கழுவியதில் போனது

மூன்று பேர் நாங்கள்.
வின்னிபெக்கிலிருந்து நான், வேதியியல்காரி;
கியூபெக்கின் கால்நடை மருத்துவர் லசேல்;
விமானம் முழுக்கக் குறட்டைவிட்ட வழக்கறிஞர் ஒருவர்.
வருடத்துக்கு ஒருமுறை
அரசாங்கம் எங்களை இந்தப் புல்வெளிக்கு அனுப்புகிறது,
தற்காப்புக்கென்று வைத்திருப்பது
தற்காப்புக்குத்தானா என்று பார்த்துவர.

ஆல்பர்ட்டாவில் அக்டோபர்.
வாசலில் தீப்பெட்டியை வாங்கிக்கொண்டார்கள்,
முகமூடி ஒன்று தந்தார்கள்.
ரப்பர் வாசனைக்குள் என் மூச்சு
பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல் கேட்டது.

முதலில் காபி. பிறகு படம்:
டச்சுக்காரர்கள் வந்தது, ஆஸ்திரேலியர்கள் கற்றது,
நான்கு கொடிகளுக்கு நடுவே ஒரு கைகுலுக்கல்.
"நட்பு நாடுகள்" என்றார் கர்னல், பதினோரு முறை.
லசேல் தாளோரத்தில் கோடு கிழித்து எண்ணினார்.

யார் எவ்வளவு கொண்டுவந்தார்கள்,
யார் எவ்வளவு கொண்டுபோனார்கள்,
அதற்குப் படம் இல்லை.
பேரேடு உண்டு.
பேரேட்டுக்கு டோரீன் கவாலுக் உண்டு,
மூக்கு நுனியில் கண்ணாடியோடு,
இருபத்திரண்டு வருடமாக.

சீசாவைத் தராசில் வைத்தாள்.
முள் அலைந்தது, யோசித்தது, நின்றது.
ஏட்டில் உள்ளதைவிட
மூன்று குன்றிமணி எடை குறைவு.

"கழுவியதில் போனது" என்றாள்.
போகும்தான்.
கண்ணாடியில் ஒட்டும், குழாயில் தங்கும்,
நானே போக்கியிருக்கிறேன் என் ஆய்வகத்தில்.
ஆனால் என் ஆய்வகத்தில் போனது
பள்ளிப் பேருந்து ஒன்றை
நடுவழியில் நிறுத்தக்கூடியது அல்ல.

சாப்பாட்டு மேசையில் வழக்கறிஞர் சொன்னார்:
எழுதினால் நட்பு நாடு முகம் சுளிக்கும்.
லசேல் சொன்னார்:
மாட்டுக்கு மருந்து கொடுத்தாலே
மிச்சத்தை எழுதிவைக்கிறேன் நான்.
உருளைக்கிழங்கு ஆறிப்போனது.

என் பையில் ஒரு கடிதம்.
ஆர்விட் சோலெம், சஸ்காட்செவன், கோதுமை விவசாயி.
பத்தொன்பது வயதில் இதே புல்லில்
சட்டையோடு மட்டும் நிற்கச் சொன்னார்கள்;
மேலே விமானம் போனது.
நாளுக்கு ஒரு டாலர் அதிகம். வெளியே பேசக்கூடாது.
நாற்பத்தேழு வருடம் பேசவில்லை, மனைவியிடம்கூட.
முதுகைப் பார்த்தவள் கேட்கவும் இல்லை.

பணம் கேட்கவில்லை அவர்.
புல் ஈரமாக இருந்ததாம் தன் இடத்தில்;
எம்மெட் கிளாசனிடம் இடம் மாற்றிக்கொண்டாராம்.
எம்மெட்டுக்குக் கண் போயிற்று, அப்புறம் நுரையீரல்.
ஒரே ஒரு கேள்வி:
அன்று காற்று எந்தப் பக்கம் அடித்தது?

காற்றுப் பதிவேட்டைக் கேட்டேன்.
"குழுவின் வரம்பில் வராது" என்றார் கர்னல்,
மரியாதையாக, இன்னொரு காபி ஊற்றியபடி.
வரப்புக்கு அந்தப் பக்கம்தான்
எல்லாம் விளைந்திருக்கிறது.

டோரீன் எதுவும் சொல்லவில்லை.
சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு போனாள்.
திரும்பி வந்தபோது
அவள் கார்டிகனின் கையில் தூசி,
கையில் பழுப்பு நிறக் கோப்பு.

அழகான கையெழுத்து.
வெப்பம், ஈரப்பதம், மேகம் எட்டில் மூன்று பங்கு.
காற்று: தென்மேற்கு, ஏழு மைல்.
பக்கத்தில் பென்சிலில், சின்னதாக:
மாறக்கூடியது.

இரவு விடுதியில் அறிக்கை எழுதினோம்.
பத்தி பதினான்கு:
குறைந்த எடை கழுவியதில் போனதாகச் சொல்லப்பட்டது.
"சொல்லப்பட்டது" என்பதை எடுத்துவிடலாமே என்றார் வழக்கறிஞர்.
அந்த ஒரு சொல்லுக்குத்தான்
ஒட்டாவா எங்களுக்கு டிக்கெட் எடுத்தது என்றேன்.
இருக்கட்டும் என்று படுக்கப் போய்விட்டார்.

ஆர்விட்டுக்குத் தனியாக எழுதினேன்.
தென்மேற்கு, ஏழு மைல்.
பென்சில் சொல்லையும் எழுதுவதா என்று
பேனா நெடுநேரம் நின்றது.

வெளியே கவைக்கொம்பு மான்கள் பதினைந்து இருபது
வேலியைத் தாண்டாமல், வேலியடியில் நுழைந்து
சோதனைக் களத்துக்குள் போய்க்கொண்டிருந்தன,
மூக்கை உயர்த்தியபடி.