ஒரு விரற்கடை

ராதன்பூரில் கிணறு இருந்தவரை சிக்கல் இல்லை.
தருலதா இரட்டைத் துணியில் நீரை வடிப்பாள்.
துணியைப் புரட்டி, மேலே கொஞ்சம் நீர் விடுவாள்.
சிக்கிய உயிர்கள் செம்பில் இறங்கும்,
செம்பு கயிற்றில் இறங்கும்.
அடியில் ஒரு கொக்கி உண்டு, தண்ணீரைத் தொட்டபின் சரிப்பதற்கு.
உயரத்திலிருந்து கொட்டினால்
அவற்றுக்கு அடிபடுமாம்.

அகமதாபாத்தில் ஏழாவது மாடி.
குழாயில் வருவது எந்த ஊர்த் தண்ணீர்?
நர்மதை, என்றார் குடியிருப்புச் செயலாளர்.
கால்வாயில் வந்து, குளோரினில் குளித்து,
மோட்டாரில் ஏறி வருகிறது.
"அதற்குப் பிறகும் எது உயிரோடு இருக்கும், தருபென்?"

அவள் பதில் சொல்லவில்லை.
இல்லை என்று தெரியாதவரை
இருக்கிறது என்றுதான் அவள் கணக்கு.

முதலில் மொட்டைமாடித் தொட்டியில் விட்டாள்.
மூன்றாம் மாடிக்காரர்கள் புகார் எழுதினார்கள்.
பிறகு, மூடிய செம்போடு
விடியலில் பேருந்து ஏறி
அடாலஜ் பக்கத்துக் கால்வாய்க்குப் போகத் தொடங்கினாள்.
எத்தனை பேர் என்று கேட்டானாம் நடத்துநர்.
செம்பைப் பார்த்தாளாம், அவனைப் பார்த்தாளாம்.
பொய்யாமை இரண்டாவது விரதம்.
"டிக்கெட் வாங்குகிறவள் ஒருத்தி."

எனக்கும் அதே ஐந்து விரதங்கள்தான்.
ஒரே காலையில், ஒரே துறவியின் முன் எடுத்தோம்.
துறவிக்கு முழுத்துணி. எங்களுக்கு
உடம்புக்கு ஏற்றபடி வெட்டித் தந்த அணுவிரதம்.
இருட்டியபின் சாப்பிட்டதில்லை.
உருளைக்கிழங்கின் ருசி தெரியாது.
ரத்தன்போளில் துணிக்கடை; எறும்புக்கு
மாவு தூவாமல் ஒருநாளும் ஷட்டரைத் தூக்கியதில்லை.

பர்யுஷண் நெருங்கியபோது சொன்னாள்:
வடிதுணி நைந்துவிட்டது.
முப்பத்தாறு விரற்கடை நீளம், இருபத்து நான்கு அகலம்,
வெயில் ஊடுருவாத நெசவாக இருக்கட்டும்.
நானே அளந்தேன். நானே கிழித்தேன்.

தரையில் விரித்து, விரல் பதித்து எண்ணினாள்.
மறுபடி எண்ணினாள்.
"ஒன்று குறைகிறது."
குழம்பில் உப்பு குறைகிறது என்கிற குரலில்.

மீட்டர் கோலின் நுனியில்
என் கட்டைவிரல் உட்காரும் இடம் அது.
யாரும் சொல்லித் தந்ததில்லை.
பத்தொன்பது வயதில் தானாக வந்து உட்கார்ந்தது.
வீட்டுக்கு வெட்டும்போதாவது
ஒதுங்கி நின்றிருக்கக் கூடாதா, அந்தச் சனியன்!

அன்றிரவு கணக்குப் போட்டேன்.
முப்பத்தொரு வருடம், நாளுக்கு நூறு மீட்டர்,
மீட்டருக்கு ஒரு விரற்கடை.
பதினேழு கிலோமீட்டரைத் தாண்டியதும் பேனாவை மூடினேன்.
ஏறக்குறைய
அவள் செம்போடு போகிற தூரம்.

சம்வத்சரி அன்று வாசல் வாசலாகக் கைகூப்பினேன்.
மிச்சாமி துக்கடம், செயலாளரே.
மிச்சாமி துக்கடம், மூன்றாம் மாடி.
எல்லோரும் இனிப்பு தந்தார்கள்.
ரவிக்கைத் துணியை இழுத்து இழுத்துத் தைத்துக்கொண்ட பெண்கள்
எந்தத் தெருவில் இருக்கிறார்கள்?
எந்தக் கிணறு என்று அறியாமல்
எதை, எங்கே சரிப்பது?

தருலதா துணியைத் திருப்பித் தரவில்லை.
தன் பழைய சேலையிலிருந்து ஒரு விரற்கடை எடுத்து
ஓரத்தில் சேர்த்துத் தைத்துக்கொண்டாள்.

மறுநாள் கடையில்
இரண்டரை மீட்டர் கேட்டாள் ஒரு பெண்.
விரலை விலக்கினேன்; வந்து உட்கார்ந்தது.
மறுபடி விலக்கினேன்.
கடைசியில் உள்ளங்கைக்குள் மடக்கிப் பொத்திக்கொண்டு வெட்டினேன்.
"விரலில் அடியா, பாய்?" என்றான் பங்காளி ஜசுபாய்.
ஆமாம் என்றேன்.

அது பொய்யா என்று
வீடு வரும்வரை தீரவில்லை.
அஸ்தமனத்துக்கு இன்னும் பதினொரு நிமிடம்,
உட்காருங்கள் என்றாள்.
ரொட்டியைப் பிய்க்கக் கை நீட்டியபோது
விரல் மடங்கியே இருந்தது.