உப்பிட்டவரை

வைப்பருக்கு அடியில் மடித்துவைத்த காகிதத்தில்
திட்டு இல்லை, மிரட்டல் இல்லை.
"எங்களுக்குக் குழந்தை பிறந்து பதினோரு நாள்"
என்று மட்டும், பச்சைப் பேனாவில்.
இப்படிக்கு, எதிர்வீடு.

டானெல்டா பேக்கரிக்குக் கிளம்புவது
அதிகாலை நாலரைக்கு.
சைலன்சர் வாய்பிளந்த அவள் காருக்குத்தான்
இப்போதெல்லாம் கிளேஸ் பேயில் அந்தத் தெரு விழிக்கிறது,
தலைமாட்டில் டிராக்டர் வந்து நின்றதுபோல.

ஞாயிறு. மார்ச் கடைசி. சரளை வாசலில்
நாலு ஸ்டாண்டுகள்மேல் காரைத் தூக்கிவைத்து
ஃப்ரிட்ஜ் வந்த அட்டையை விரித்து
மல்லாந்து நுழைகிறாள்.
ஆறு குளிர்காலமாக அவள் அண்ணாந்து பார்க்காத வானம்:
பழுப்பு. தொட்டால் கண்ணுக்குள் உதிர்வது.

நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை
நகராட்சி லாரி தெருவுக்கு உப்பிடுகிறது.
மிச்சத்தைக் கடல் இடுகிறது, கணக்கில்லாமல்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பதில்
இந்த மூன்று போல்ட்டுகளை மிஞ்ச ஆளில்லை.

நேற்றிரவே எண்ணெய் அடித்து வைத்தாள்.
மரைக்குள் இறங்கியதோ,
சரளைக்குள் இறங்கியதோ.

பதினைந்து எம்.எம். சாக்கெட்.
அதற்கு நீளக் கைப்பிடி.
கைப்பிடிக்கும் மேல், வேலியில் மிஞ்சிய குழாய்த்துண்டு.
காலை முட்டுக்கொடுத்து இழுக்கிறாள்.
போல்ட்டு அசையவில்லை.
கார் அசைந்தது.
ஊர்ந்து வெளியே வந்து
ஸ்டாண்டுகளை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்துவிட்டு
ஒரு சிகரெட் நேரம் சும்மா நிற்கிறாள்.
சிகரெட்டை விட்டு இரண்டு வருஷம்.

அப்புறம் நெருப்பு.
நட்டு சிவக்கும்வரை டார்ச்சைப் பிடித்து
யாருடைய பிறந்தநாளிலோ மிஞ்சிய மெழுகுவர்த்தியைத் தொடவைத்தால்
மெழுகு சொட்டுவதில்லை,
மரைக்குள் மறைகிறது.
முதலில் கொஞ்சம் இறுக்கு. பிறகு தளர்த்து.
கால் சுற்று. திரும்பவும் கொஞ்சம் இறுக்கு.

டக்.

உடைந்தாலும் விட்டுக்கொடுத்தாலும்
இரும்பு சொல்வது இந்த ஒரு சொல்தான்.
விட்டுக்கொடுத்திருந்தது.
மரைக்கு மரை கீச்சிட்டு,
வாடகை பாக்கியைச் சொல்லிக்கொண்டே
இறங்கி வந்தது.

இரண்டாவதும் டக் என்றது.
கையில் தலை மட்டும்.
அதன் சூடு மறந்து பிடித்துவிட்டு
அவள் சொன்ன வார்த்தைகள்
பதினைந்து நாள் வயசுக்காரருக்கு ஆகாதவை.

மூன்றாவதன் ஆறு முனையும் தேய்ந்து
மொட்டை.
அக்கா கணவன் மர்டோவுக்கு போன் போடுகிறாள்.
"இந்தத் தீவில் எது விட்டிருக்கிறது, அது விட?
அறுத்துப் போடு" என்கிறான், எதையோ மென்றபடி.
உன் கிரைண்டரைக் கொண்டுவா என்றதும்
சிக்னல் போய்விடுகிறது.

அட்டையின் ஓரத்தில் இரண்டு செருப்புகள்.
எதிர்வீட்டு லினஸ். சவரம் பார்க்காத முகம்,
ஒரு கையில் கிரைண்டர்,
நெஞ்சோடு கட்டிய துணியில் குழந்தை.
"அந்தக் காகிதம் என் மாமியார் எழுதியது"
என்கிறார், கேட்காமலே.

தூரப் போங்கள் என்று கையசைத்துவிட்டு
கண்ணாடி மாட்டிக்கொண்டு அறுக்கிறாள்.
ஊரே கூசும் ஓசை.
தெருமுனை நாய் எழுந்து வேறு தெருவுக்குப் போகிறது.
அந்தப் பக்கத்து நடைபாதையில் லினஸ்
துணிக்குள் எட்டிப் பார்த்து
கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார்:
தூக்கம் கலையவில்லை.

புது கேஸ்கெட், புது போல்ட்டுகள்.
செப்புப் பசையைத் தாராளமாகப் பூசினாள்.
அடுத்து இதற்கடியில் படுக்கப்போவது
அநேகமாக அவளேதான்.

திங்கள், நாலரை.
சாவியைத் திருப்பினாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
எங்கே தப்பு என்று ஒரு கணம் யோசித்து
இன்னொருமுறை திருப்பினாள்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்மேல்
ஸ்டார்ட்டர் பற்களை நறநறத்தது
தெருக்கோடிவரை.

எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது.