பிரிபடாத பாகம்

வில்லிவாக்கம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே,
ஜெராக்ஸ் கடைக்கும் இளநீர் வண்டிக்கும் நடுவில்
பத்திர எழுத்தர் வேதகிரி
வரைவை உரக்கப் படித்தார்:
'எவருடைய தூண்டுதலும் இன்றி,
பூரண சுயநினைவோடு எழுதிவைக்கும் உயில்.'

அப்பா என்னைப் பார்த்தார்.

இரண்டு வருடமாக ஞாயிறுதோறும்
கறி வாங்கிப் போய்
அவர் சாப்பிட்டுக் கைகழுவும்வரை காத்திருந்து
நான் தூண்டியது அவருக்குத் தெரியும்.
முதலில் கோபம்.
பிறகு, 'என்னை எப்போ அனுப்பப் போறே?'
பிறகு ஒருநாள் லாக்கர் சாவியை
மாத்திரை டப்பாவிலும் அரிசி டின்னிலும் தேடி
அகப்படாமல் உட்கார்ந்து
அவராகவே கேட்டார்:
'யாரோ எழுதுறவர் இருக்கார்னியே?'

'சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்து வருகிற…'
அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.
லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி.
லாரித் தண்ணீர்.
எந்தக் கொத்தனாருக்கும் அடங்காத பாத்ரூம் ஒழுகல்.
'ஆண்டோம், அனுபவிச்சோம். மேல படிங்க.'

'எனது காலத்துக்குப் பின் என் மனைவி ஜெபமணி…'
'ஏன், நான் முந்தக் கூடாதா?'

இளநீர்க்காரரின் அரிவாள் நின்றது.
'அதுக்கும் ஒரு பாரா போட்டுடலாம்மா'
என்றார் வேதகிரி,
மளிகைச் சீட்டில் கடைசியாய்ப்
பெருங்காயம் சேர்ப்பதுபோல்.

வீடு எழுநூற்று நாற்பது சதுர அடி.
மனையில் பிரிபடாத பாகம் முந்நூற்றுப் பன்னிரண்டு.
ஐ.சி.எஃப். ஸ்டோரில்
ஒவ்வொரு போல்ட்டுக்கும் இடம் எழுதிவைத்தவர் அப்பா.
'அந்த முந்நூத்திப் பன்னிரண்டு எங்க இருக்கு?'
'தனியா காட்ட முடியாது சார்.
எல்லா இடத்துலயும் கொஞ்சம்.'
'கங்காதரன் ஸ்கூட்டருக்கு அடியிலயுமா?'
'அங்கயும்.'
அப்பா பேனா கேட்டார்.

பயன் பெறுகிறவர் சாட்சி போடக் கூடாதாம்.
நாற்பத்தாறு வருடம் அவர்களைப் பார்த்தவள்
வெளியே, வேப்பமரத்தடியில் நின்றேன்.
அவர்கள் சண்டை ஒன்றைக்கூடப் பார்த்திராத
கங்காதரனும் அவர் மைத்துனரும்
உள்ளே போய்ச் சாட்சி போட்டார்கள்.

தோஹாவிலிருந்து ரூபன்: 'முடிஞ்சுதா?'
'முடிஞ்சுது' என்று தட்டி, அழித்து,
'ஆச்சு' என்று அனுப்பினேன்.

அன்றிரவு அங்கேயே தங்கினேன்.
பதினொரு மணிக்கு அப்பாவின் கட்டில் காலி.
கீழே,
சம்ப் மூடிக்கும் கேட்டுக்கும் நடுவே
செருப்பில்லாமல் மெல்ல நடந்துகொண்டிருந்தார்,
ஸ்கூட்டரைச் சுற்றி, மோட்டார் ரூமைச் சுற்றி.
பால்கனியில் எனக்கு முன்பே வந்து நின்ற அம்மா
ஒன்றும் சொல்லாமல்
அவர் கால்வைக்கும் இடத்துக்கெல்லாம்
டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள்.