பதினைந்தைக் கழி

கச்சான் பத்து நாளாய் அடிக்கிறது.
வாலிநோக்கத்தில் கதவு நிலைகூட வெடித்துவிட்டது.
கண்ணாடிப் பெட்டிக்குள் மானி மட்டும்
அறுபத்தொன்று என்கிறது.
பாம்புக்கு அது போதும்.

ஆனாலும் சட்டையைத் துண்டு துண்டாக உரித்தது,
பழைய சுவரொட்டியை நகத்தால் கிழித்தாற்போல.
இடது கண்ணில் ஒரு செதில் தங்கிவிட்டது.
அந்தப் பக்கமாய் எலியை நீட்டினால்
என் விரலைக் குறி வைக்கிறது.

"பால் பைதானா? பால் குடிக்குமா?" என்று
முன்பு கேட்ட முத்திருளாயி
மதிலுக்கு அந்தப்புறம்
வாளைக் கருவாட்டைப் புரட்டியபடி சொன்னாள்:
"ரெண்டே நாள்ல கம்பியாயிருச்சு.
இந்தக் காத்துல ஈரம் ஏது?
ஒங்க டப்பா பொய் சொல்லுது சார்."

உப்பளத்தில் எடை போடுகிறவன் நான்.
பொய்த்தராசு எனக்குத் தெரியும் என்றிருந்தேன்.

சோடா மூடியில் கல்லுப்பு,
குழைய நாலு சொட்டுத் தண்ணீர்,
மானியோடு ஒரு பையில் இறுக்கிக் கட்டினேன்.
ஈர உப்பு தன்னோடு அடைபட்ட காற்றை
எழுபத்தைந்தில் நிறுத்திவிடும்.
விடிந்து பார்த்தால்
தொண்ணூறு.

வலைமூடியில் பாதியை அடைத்தேன்.
தென்னைநார்த் தூளை நனைத்துப் பிழிந்து போட்டேன்;
சொதசொதவென்றால் வயிறு புண்ணாகும்.
மானியின் நெற்றியில் சீட்டு ஒட்டினேன்:
பதினைந்தைக் கழி.

ஐப்பசியில் காற்று திரும்பியது.
தார்ப்பாயை இழுத்தபடி வானத்தை வைதாள் முத்திருளாயி.
அன்றிரவு சட்டை முழுதாய்க் கழன்று கிடந்தது,
உதட்டிலிருந்து வால் நுனிவரை, ஒரு காலுறைபோல.
விளக்கின்முன் தூக்கிப் பார்த்தேன்.
வலது கண் ஒன்று.
இடது கண் இரண்டு,
ஒன்றின்மேல் ஒன்றாக.